பொட்டலங்களும் வரிசைகளும்: பல்கோர் செயலிகளில் வன்பொருள் மேலாண்மை

ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் அளித்தது. பாரத்நெட் எனப் பின்னர் பெயர் பெற்ற இத்தகைய திட்டங்களில் இழையின் வேகமே பெரிதும் பேசப்படுகிறது. இழையின் முனையில் தகவலைப் பிரித்தனுப்பும் செயலியின் திறனும் அதே அளவு இன்றியமையாததாகும்.

வலைப்பின்னலில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. வினாடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள ஈதர்நெட் தடத்தில், 64 பைட் கொண்ட மிகச் சிறிய பொட்டலம், முன்குறியும் இடைவெளியும் சேர்ந்து 84 பைட் அளவு இடம் கொள்ளும். எனவே 67.2 நானோ வினாடிக்கு ஒன்று வீதம் பொட்டலங்கள் வரக்கூடும். 1.5 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு இது ஏறத்தாழ 100 துடிப்புகளே.

எட்டுக் கோர்கள் பணியைப் பகிர்ந்துகொண்டால் பொட்டலம் ஒன்றுக்கு 800 துடிப்புகள் கிடைக்குமெனத் தோன்றும். ஆனால், வரும் பொட்டலம் ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் காலியிடம் வேண்டும். காலியிடப் பட்டியலோ எல்லாக் கோர்களுக்கும் பொது. ஒரு கோர் அதைப் பூட்டித் திருத்தும்போது ஏனையவை காத்திருக்கின்றன. அப்பூட்டினுள் நிகழும் பணிக்கு மீண்டும் அதே 100 துடிப்புகள்தாம். கோர்களைப் பெருக்கினால் காத்திருப்பே பெருகும்.

இதற்குத் தீர்வு, அப்பணியை மென்பொருளிடமிருந்து வன்பொருளுக்கு மாற்றுவதாகும். ஃப்ரீஸ்கேல் நிறுவனம் 2008-இல் அறிவித்த எட்டுக் கோர் கொண்ட பி4080 செயலியில் இதற்கென இரு தனிச் சுற்றுகள் அமைந்தன. இடைநினைவக மேலாளர் காலியிடங்களை வழங்கித் திரும்பப் பெறுகிறது. வரிசை மேலாளர் பொட்டலங்களைக் கோர்களுக்குப் பங்கிடுகிறது. ஒரே உரையாடலைச் சேர்ந்தவை முறை பிறழாமல் செல்லவும் வழி செய்கிறது. வரிசை நிரம்பும் நிலையில் எவற்றைக் கைவிடுவது என்பதையும் முன்வகுத்த விதிப்படி அதுவே முடிவு செய்கிறது. கோர்களுக்குப் பூட்டும் இல்லை, காத்திருப்பும் குறைவு.

கருவி வாங்கும் அலுவலர் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. 1518 பைட் பொட்டலங்களைக் கொண்டு சோதித்தால், வினாடிக்குச் சுமார் 8 லட்சம் பொட்டலங்களைக் கையாளும் கருவியும் 10 கிகாபிட் வேகத்தை எட்டிவிடும். 64 பைட் பொட்டலங்களாயின் 1 கோடியே 48 லட்சத்தைக் கையாள வேண்டும். தொலைபேசிக் குரலைச் சுமப்பவை சிறு பொட்டலங்களே. ஆகவே ஒப்பந்தப் புள்ளியில் கிகாபிட் அளவோடு நில்லாது, 1999-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2544 சோதனை முறைப்படி, சிறு பொட்டலங்களுக்கான அளவீட்டையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். பொதுப்பணம் பயனுற அதுவே வழி.