வலது இருக்கையிலிருந்து இடது இருக்கைக்கு

தெப்ராவ் நீரிணைக்கு அக்கரையில் சாங்கி விமான நிலையம் இருப்பது ஜொகூர் பிள்ளைகளுக்கு உற்சாகம் தருகிற விஷயம். கூடவே ஒரு சங்கடமும் உண்டு. விமானியாக வேண்டும் என்று சொல்கிற பிள்ளையின் கண்ணில் முதலில் நிற்பது பெரிய ஜெட்தான். சுபாங்கில் கிளம்பி ஒரு மணி நேரத்தில் தரையிறங்கும் புரொப்பெல்லர் விமானமான ஏடிஆர் 72, அந்தக் கனவில் வருவதே இல்லை. சிபிஎல் எனும் வணிக விமானி லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் "ஜெட் கிடைத்தால்தான் போவேன்" என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சொல்ல விரும்புவது இதுதான்: காத்திருக்காதீர்கள். புரொப்பெல்லர் விமானத்தில் துணை விமானி வேலை கிடைத்தால் ஏறி உட்காருங்கள்.

இந்த நாட்டில் அப்படிப்பட்ட வேலை தரும் நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மலேசியா ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த ஃபயர்ஃப்ளை 2007-இல் பறக்கத் தொடங்கி, ஏடிஆரை நம்பியே வளர்ந்தது. மாலிண்டோவாக 2013-இல் வந்து 2022-இல் பெயர் மாறிய பாத்தேக் ஏர், ஏடிஆர் 72-600, போயிங் 737 இரண்டையும் வைத்து வளர்ந்தது. சபா, சரவாக் உட்புறங்களுக்கு மாஸ்விங்ஸ் பறந்துவந்தது. அதைச் சரவாக் அரசு எடுத்துக்கொண்டு ஏர்போர்னியோ ஆக்கும் ஒப்பந்தம் 2025 பிப்ரவரியில் கையெழுத்தானது. போர்னியோ என்றாலே தீபகற்பத்துப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். பாரியோ போன்ற மலையூர்களின் குட்டை ஓடுபாதையில் ட்வின் ஓட்டர் சிறு விமானத்தை இறக்கிப் பழகியவரை எந்த நேர்முகத் தேர்விலும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மலேசியக் குடிமகனாகவே இருந்தாலும், சரவாக்கில் வேலை பார்க்கத் தீபகற்பத்தவருக்குத் தனி வேலை அனுமதி வேண்டும். நிறுவனம் அதை எடுத்துத் தருமா என்று முதலிலேயே கேளுங்கள்.

இப்போது மணிக்கணக்குக்கு வருவோம். மலாக்கா, லங்காவி போன்ற இடங்களில் உள்ள பயிற்சிப் பள்ளியை முடித்து வரும்போது கையில் சுமார் 200 மணி நேரம் இருக்கும். சிபிஎல், இரட்டை எஞ்சின் தகுதி, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், ஏடிபிஎல் (விமான நிறுவன விமானி லைசென்ஸ்) எழுத்துத் தேர்வுகள் எல்லாம் முடித்தவரைத் தொழிலில் "ஃப்ரோசன் ஏடிபிஎல்" என்பார்கள். அது உருகி முழு ஏடிபிஎல் ஆக 1,500 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி இரவில் பறந்ததாக இருக்க வேண்டும். ஒரு விமானி ஆண்டுக்கு 900 மணிக்கு மேல் பறக்கக்கூடாது என்பது உச்சவரம்பு. ஆண்டுக்கு 700 மணி என்றே வைத்துக்கொண்டாலும், ஏடிஆரில் உட்கார்ந்தவர் இரண்டு ஆண்டுக்குள் 1,500-ஐத் தொட்டுவிடுவார். ஜெட்டுக்காக வீட்டில் காத்திருந்தவர் அதே இரண்டு ஆண்டில் 200-இலேயே நிற்பார். அவருடைய இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் காலாவதியாகியிருக்கும். காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 200 மணி நேரத்தோடு பயணிகள் விமானத்தில் ஏற முடியாது. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்த பிறகு விதி இறுகியது; 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி வேண்டும். அங்கே பிள்ளைகள் பயிற்சி ஆசிரியராக வேலை பார்த்தே அந்த எண்ணிக்கையை எட்டுகிறார்கள். நம்மிடம் கதவு முன்பே திறக்கிறது. ஆனால் அமெரிக்காவிலுள்ள சில சிறிய நிறுவனங்களில், வரிசைப்படி தாய் நிறுவனத்துக்குப் போகும் ஏற்பாடு எழுத்திலேயே இருக்கும். ஃபயர்ஃப்ளையில் சேர்ந்தால் மலேசியா ஏர்லைன்ஸ் தானாகக் கூப்பிடும் என்று இங்கே யாரும் நம்பிச் சேரவேண்டாம். ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

மணிக்கணக்கை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த மணிகளின் தரம். நெடுந்தூர ஜெட்டில் துணை விமானிக்கு மாதத்தில் கிடைக்கும் தரையிறக்கங்கள் சொற்பம். ஏடிஆரில் ஒரே நாளில் நான்கு செக்டர் பறந்தால் நான்கு புறப்பாடு, நான்கு தரையிறக்கம். பாதி உங்கள் கையில். அந்த விமானத்தின் உச்ச உயரமே 25,000 அடிதான். மாலை நான்கு மணிக்கு ஜொகூர் மேல் இடிமேகம் எழும்போது அதற்கு மேலே ஏறிப் போய்விட முடியாது. ராடார் திரையில் சிவப்பைப் பார்த்து, இடமா வலமா என்று தீர்மானித்து, கட்டுப்பாட்டு மையத்திடம் அனுமதி கேட்டு, எரிபொருள் கணக்கையும் மனத்தில் ஓட்டி, செனாய் விமான நிலையமா வேறு நிலையமா என்று சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை கோத்தா பாரு, குவாலா திரெங்கானு பக்கம் பறந்தால் வடகிழக்குப் பருவமழை இதையே தினமும் கேட்கும்.

அரசியலும் அந்தச் சின்ன விமானத்தின் பாதையில் குறுக்கிடும். ஃபயர்ஃப்ளை 2018 டிசம்பரில் தன் சிங்கப்பூர்ச் சேவையைச் சாங்கியிலிருந்து சிலேத்தாருக்கு மாற்றவிருந்தது. சிலேத்தாரின் ஐஎல்எஸ் (தரைக் கருவி வழிகாட்டும்) இறங்குபாதை பாசிர் கூடாங்குக்கு மேலே வருகிறது, அங்கே கட்டடங்களின் உயரம் கட்டுப்படுத்தப்படும் என்று மலேசியா எதிர்த்தது. சேவையே நின்றுபோனது. 2019 ஏப்ரலில் ஜிபிஎஸ் வழி இறங்கும் முறைக்கு இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட பிறகுதான் சிலேத்தாரில் ஏடிஆர் இறங்கியது. இதை ஒரு ஜொகூர் பிள்ளை நேர்முகத் தேர்வில் தெளிவாக விளக்கினால், வீட்டு வாசலில் நடந்ததைத் தொழில் கண்ணோடு பார்க்கத் தெரிந்தவர் என்று தெரியும்.

தேர்வு முறை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்: கணிதம், இயற்பியல், கை-கண் ஒருங்கிணைப்புச் சோதனை, குழுப் பணி, நேர்முகம், பிறகு சிமுலேட்டர். சிமுலேட்டரில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். புறப்படும் நேரத்தில் ஓர் எஞ்சினை நிறுத்திவிட்டு, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். வேகமாகக் கை நீட்டுபவருக்கு அங்கே மதிப்பில்லை. முதலில் விமானத்தை நேராக வைத்து, எந்த எஞ்சின் என்று வாய்விட்டுச் சொல்லி, பக்கத்து இருக்கை உறுதிசெய்த பிறகு லிவரைத் தொடுபவரையே தேடுகிறார்கள். காரணம் ரத்தத்தில் எழுதப்பட்டது. 2015 பிப்ரவரி 4 அன்று தைப்பேயில் டிரான்ஸ்ஏசியாவின் ஏடிஆர் 72-600 கிளம்பிய சற்று நேரத்தில் இரண்டாம் எஞ்சின் சக்தி இழந்தது. கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் எஞ்சினைக் குறைத்து நிறுத்திவிட்டார். 43 பேர் இறந்தார்கள். துணை விமானிக்கான தேர்விலும், பின்னால் கேப்டன் தேர்விலும், சோதிப்பது இந்த ஒரு நிதானத்தைத்தான்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் பேசவேண்டும். பயிற்சிச் செலவு மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டக்கூடியது. 2010-களின் நடுவில் இந்த நாட்டில் லைசென்ஸ் இருந்தும் வேலை இல்லாமல் நூற்றுக்கணக்கானவர்கள் நின்றார்கள். ஆகவே, முதல் ரிங்கிட் கட்டும் முன்பே கிளாஸ் 1 மருத்துவச் சோதனையை முடியுங்கள். நிறக்குருடு போன்ற ஒன்று பாதி வழியில் தெரிந்தால் வீடு தாங்காது. பள்ளிக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்; பறந்த மணிக்கு ஏற்பத் தவணையில் கட்டும் ஏற்பாட்டைக் கேளுங்கள். பெற்றோரின் இபிஎஃப் பணத்தில் கைவைக்கும் முன் நிறுவனங்களின் கேடட் திட்டங்களுக்கு மனு போட்டுப் பாருங்கள்.

வேலை கிடைத்ததும் வருவது பாண்டு. குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங்கின் செலவை நிறுவனம் ஏற்றால், இத்தனை ஆண்டு இருக்கவேண்டும் என்று கையெழுத்து கேட்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் மாதாமாதம் தொகை குறையும் பாண்டா, கடைசி நாள் வரை முழுத் தொகையும் நிற்கும் பாண்டா என்று பாருங்கள். நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால் பாண்டு ரத்தாகுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். மலேசியாவின் மைஏர்லைன் நிறுவனம் 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கி, 2023 அக்டோபர் 12 அன்று ஒரே அறிவிப்பில் நின்றது. இப்படி நிறுவனம் நின்றால் சீனியாரிட்டி பட்டியலில் நீங்கள் பிடித்த இடத்துக்கு அடுத்த நிறுவனத்தில் மதிப்பில்லை. லாக் புக்கில் உள்ள மணிகள்தான் கூட வரும்.

அந்த மணிகளில் கனமானவை கேப்டனாகப் பறந்தவை. 1,500 சட்டத்தின் எல்லை மட்டுமே; கமாண்ட், அதாவது கேப்டன் பொறுப்பு, தர நிறுவனங்கள் பொதுவாக அதற்கு மேல் கேட்கும். ஆனாலும் சிறிய விமானத்தில் கேப்டன்கள் ஜெட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பதால் இடது இருக்கை சீக்கிரம் காலியாகிறது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். 1,500 வந்ததும் ஜெட்டின் வலது இருக்கைக்குத் தாவினால், மறுபடி பட்டியலின் அடியிலிருந்து தொடங்கவேண்டும். இன்னும் ஓரிரு ஆண்டு பொறுத்து ஏடிஆர் கேப்டனாகப் போனால், வளைகுடாவிலோ இந்தியாவிலோ உங்களைப் பார்க்கும் பார்வையே வேறு. இண்டிகோ 2017 கடைசியில் ஏடிஆர் பறக்கத் தொடங்கியது. தூத்துக்குடிக்கு அது பறக்கவிட்டதும் அதே ரக விமானம்தான்.

கமாண்டுக்கான தயாரிப்பு சேர்ந்த முதல் வருடமே தொடங்குகிறது. கேப்டனின் மேற்பார்வையில் நீங்களே தலைமை ஏற்றுப் பறந்த மணிகளை அன்றன்றே லாக் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாதம் கழித்துக் கேட்டால் அந்தக் கேப்டன் வேறு நிறுவனத்தில் இருப்பார்.

ஜெட்டுக்கு மாறும் நாள் வந்தால் சம்பளத்தை மட்டும் பார்க்காமல் பேஸ் எது என்று கேளுங்கள். செனாயின் ஓடுபாதை 3,800 மீட்டர் நீளம். ஏர்ஏசியா அங்கே ஒரு தளம் வைத்திருக்கிறது. ஏ320 ரேட்டிங்கும் செனாய் பேஸும் சேர்ந்து அமைந்தால், கூலாயிலோ ஸ்கூடாயிலோ உள்ள சொந்த வீட்டிலிருந்தே விடியற்காலை டியூட்டிக்குப் போகலாம்.