பழந்தகட்டில் டயாட்டம்

டயாட்டம் என்பது நீரில் வாழும் ஓரணுப் பாசி. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. ஆகவே பாசி மடிந்து நூறாண்டு சென்றாலும் ஓடு நிற்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வேடெல் நகரத்து மொல்லர் முதலியோர் இவ்வோடுகளைக் கண்ணாடித் தகடுகளில் வரிசையாக அடுக்கி விற்றனர்.

அத்தகைய தகடு கிடைத்தால், நண்பர்களே, பெரிய வில்லையை உடனே இறக்கிவிடாதீர்கள். மூடுகண்ணாடி தடிப்பாயிருந்தால் நொறுங்கும். சிறிய வில்லையில் தொடங்குக. ஓடு மங்கலாகத் தோன்றுவது இயல்பே. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.43, அதைப் பதித்திருக்கும் கனடா பால்சத்துக்கோ சுமார் 1.53. வேற்றுமை சிறிது. ஒளித்துளையைச் சற்றே மூடுக. கோடுகள் எழுந்து வரும். வட்டமா, படகு வடிவமா என்று முதலில் பார்த்து, பின் 10 மைக்ரானில் எத்தனை கோடுகள் என எண்ணுக.

எங்கள் துறை அலமாரியில் ஒரு தகடு. சீட்டில் ‘நவிக்குலா லைரா’ என்றிருந்தது. ஓட்டின் நடுவே யாழ் போன்ற வெற்றிடம்; லைரா என்றாலே யாழ்தான். ஆனால் புதிய நூலில் நவிக்குலாக்களிடையே அப்பெயர் இல்லை. சீட்டுப் பிழையென்று கருதி, அதைச் சுரண்டிவிட்டேன். பிழை என்னுடையது. 1978இல் அவ்வினம் லைரெல்லா என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. பெயரைத் திரும்ப எழுதிவிட்டேன். அதன்கீழ் மங்கிய மையில் ஒரு கடற்கரையின் பெயரும் இருந்தது. அதை நான் குறித்து வைக்கவில்லை. அந்த ஓடு எந்த நீரில் வாழ்ந்தது என்று இனி எவராலும் சொல்ல இயலாது.