வட்டுக்கோட்டையில் தொடங்க வேண்டிய வரலாறு

வடுகபட்டித் தம்பிக்கு,

மதுரை அமெரிக்கன் கல்லூரியை ஆங்கிலேய ஆட்சி தந்த கல்விக்கு எடுத்துக்காட்டாகக் கூறும் வழக்கம் மேடைப் பேச்சுகளில் வேரூன்றிவிட்டது. பெயரிலேயே விடை இருக்க, தம்பியின் கடிதமும் அப்பிழையையே கேள்வியாக்கி அனுப்பியிருப்பது சற்று வருந்தத்தக்கது. ஆங்கிலேய அரசு 1857இல் சென்னையில் நிறுவிய பல்கலைக்கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே தொடங்கியது; கற்பிக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. அமெரிக்கக் கல்லூரி மரபோ ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்வதிலிருந்து பிறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கல்லூரித் தலைவர் பெரும்பாலும் கிறிஸ்தவப் போதகர். இறுதியாண்டு மாணவர்க்கு அறநெறித் தத்துவத்தை அவரே கற்பித்தார். அவருக்குக் கீழே ஒருசில பேராசிரியர்களும், அண்மையில் பட்டம் பெற்ற ‘டியூட்டர்’ எனப்பட்ட இளைஞர்களும் இருந்தனர். டியூட்டர் மாணவர் விடுதியிலேயே தங்கி, அவர்கள் பாடம் ஒப்பிப்பதைக் கேட்டு, விடுதியின் ஒழுங்கையும் காத்தார். ஆராய்ச்சியையே முதற்கடமையாகக் கொண்ட பேராசிரியர் என்னும் வகை, ஜெர்மானிய முன்மாதிரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1876இல் திறக்கப்பட்ட பிறகே அந்நாட்டில் வலுப்பெற்றது.

இந்தச் சிறுகல்லூரி மரபு தமிழ் மண்ணை அடைந்த இடம் மதுரை அன்று, யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. நியூஹாம்ஷயரில் 1769இல் தோன்றிய டார்ட்மவுத் கல்லூரியில் 1811இல் பட்டம் பெற்ற அமெரிக்க மிஷனரி டேனியல் பூர், சென்னைப் பல்கலைக்கழகம் பிறப்பதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, 1823இல் அங்கு உயர்கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். கல்லூரிக்கான திட்டம் அச்சாகியிருந்தும் அது ‘செமினரி’ என்னும் பெயரிலேயே நடந்தது. ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானியலும் உறைவிட மாணவர்க்குச் சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. 1829இல் உள்ளூர்ப் பஞ்சாங்கம் கணித்த சந்திர கிரகணத்தின் நேரத்தையும் அளவையும் பூர் மறுத்து, தம் கணிப்பே சரியென ஊரறியக் காட்டிய நிகழ்ச்சியைப் பலர் பெருமையாக எழுதுவர். ஆயினும் பூருக்குப் பின் தலைவராயிருந்த ஹென்றி ஹொய்சிங்டனின் பணியே மேலானது. பஞ்சாங்கத்தை எள்ளி ஒதுக்காமல், அதன் கணிதமுறையை முழுமையாகக் கற்று, விளக்கக் குறிப்புகளோடு 1848இல் நூலாக அச்சிட்டவர் அவர். எதிர்க்கருத்தை உள்ளிருந்து அறிந்து பேசுவதே புலமை. கிரகண வெற்றி வெறும் வாதத்திறமை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரும், தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தவருமான சி. வை. தாமோதரம்பிள்ளை இந்நிலையத்தில் பயின்றவர் என்பதை மதுரையில் எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

1855இல் போஸ்டனிலிருந்து ஆய்வுக்கு வந்த, பூரின் மிஷனுடைய செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன், ஆங்கிலக் கல்வி இளைஞரைச் சமயப் பணிக்கன்றி அரசு வேலைக்கே அனுப்புகிறது என்று கருதினார். அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. அவ்வாண்டிலேயே பூரும் காலராவால் இறந்தார். முடிவெடுத்தவரின் கவலையில் உண்மை உண்டு; அதற்கு அவர் கண்ட மருந்துதான் தவறு.

இவ்வரலாறு தம்பியின் ஊருக்கும் அயலன்று. பூர் 1830களின் நடுவில் மதுரைக்கு வந்து சில ஆண்டுகள் பள்ளிகள் நடத்தினார். அதே மிஷன் பெரியகுளத்தில் நிலையம் அமைத்தது. சமவெளிக் காய்ச்சலாலும் காலராவாலும் தம்மவரை இழந்துவந்த அம்மிஷனார், பெரியகுளத்துப் பக்கத்து மலைப்பாதை வழியாக ஏறி, 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். வடுகபட்டிப் பூண்டுச் சந்தையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலைதான் அது.

அவர்களின் கல்லூரியான மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881இல் பசுமலையில் தோன்றி 1904இல் மதுரை நகருக்கு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த காலத்தில் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியின் கையில் இல்லை. ஆசிரியர் கற்பித்தார், வேறிடம் மதிப்பிட்டது. 1978இல் தன்னாட்சி, அதாவது பாடத்தையும் தேர்வையும் தானே வகுக்கும் உரிமை, கிடைத்தபோதுதான், கற்பித்தவரே மதிப்பிடுவது என்னும் அமெரிக்க மரபின் உயிரான கூறு அதற்கு வாய்த்தது. ஆகவே 1881இல் தொடங்கும் கல்லூரி வரலாறுகளை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, வட்டுக்கோட்டை 1823 என்னும் ஆண்டிலிருந்து தம்பி படிக்கத் தொடங்குவாராக.