குருதியில் குடியிருக்கும் இரும்பு

அரிவாளிலும் கடப்பாரையிலும் உள்ள இரும்பு நம் குருதியிலும் இருக்கிறது. ஹீமோகுளோபின் என்னும் புரதத்தில் 574 அமினோ அமிலங்கள் உள்ளன. இரும்பு அணுக்களோ நான்கே நான்கு. நாம் சுவாசிக்கும் பிராணவாயுவைப் பற்றி உடலெங்கும் கொண்டு சேர்ப்பவை இந்த நான்கும்தான். கண்ணுக்குத் தெரியாத இந்த அமைப்பை அறிஞர்கள் எவ்வாறு கண்டறிந்தார்கள் என்று காண்போம்.

முதலில் உதவியது ஒளி. குருதிக் கரைசல் வழியே வரும் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்தால், நிறமாலையில் இரண்டு கரும்பட்டைகள் தெரியும். 1862இல் ஜெர்மானியரான ஹோப்பே சைலர் இதைக் கண்டார். 1864இல் இங்கிலாந்தில் ஸ்டோக்ஸ் பிராணவாயுவை நீக்கிப் பார்த்தார். இரண்டு பட்டைகள் ஒன்றாயின. காற்றோடு குலுக்கியதும் மீண்டும் இரண்டாயின!

அடுத்தது காந்தம். பிராணவாயு நீங்கிய ஹீமோகுளோபினைக் காந்தம் சிறிதளவு இழுக்கிறது. பிராணவாயு பற்றியதை இழுப்பதில்லை. 1936இல் அமெரிக்காவில் பாலிங்கும் கோரியெலும் இதைக் கண்டு, எலக்ட்ரான்களின் அமைப்பு மாறுவதை உணர்ந்தனர்.

பின்பு எக்ஸ் கதிர்களால் படிகங்களை ஆராய்ந்து, 1960இல் மாக்ஸ் பெரூட்ஸ் ஹீமோகுளோபினின் உருவத்தை வெளியிட்டார். 1962இல் நோபல் பரிசும் பெற்றார். ஆயினும் இரும்பும் பிராணவாயுவும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அந்த உருவம் கூறவில்லை.

இங்கேதான் நம் தமிழகம் தந்த மேதையின் கண்டுபிடிப்பு கைகொடுத்தது. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன், 1928இல் இராமன் விளைவைக் கண்டார். பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி, அணுக்களின் அதிர்வுக்கேற்ப நிறம் மாறுகிறது. 1970களில் லேசர் ஒளியால் இம்முறையில் ஆராய்ந்தபோது, இரும்பு–பிராணவாயுப் பிணைப்பின் அதிர்வே பதிவாயிற்று. 1973இல் அகச்சிவப்புக் கதிர் ஆய்வு, பிராணவாயுவின் இரு அணுக்களுக்கிடையே உள்ள பிணைப்பு தளர்ந்திருப்பதைக் காட்டியது. இரும்பு தன் எலக்ட்ரானில் ஒரு பங்கைத் தந்தே பிராணவாயுவைப் பற்றுகிறது என்று அறிஞர்கள் பொருள் கொண்டனர்.

வாலாஜாபாத்தில் வாழும் நமக்குத் தறி புதிதன்று. பாவு மட்டும் இருந்தால் சேலையாகுமா? ஊடையும் வேண்டுமல்லவா? அதுபோலவே, ஒளி, காந்தம், எக்ஸ் கதிர் ஆகிய யாவும் சேர்ந்தே உண்மையைக் காட்டின.

தோழியரே! இந்த இரும்பு குறைந்தால் இரத்தசோகை வரும்; படிக்கும்போதே களைப்பு மேலிடும். வளரும் பெண்களாகிய நமக்கு இரும்புச்சத்து மிகவும் தேவை. ஆகவே கீரையையும் பயறு வகைகளையும் ஒதுக்காமல் உண்போம். நெல்லிக்காயும் எலுமிச்சையும் இரும்பு உடலில் சேர உதவும். உணவோடு தேநீர் அருந்துவதோ அதைத் தடுக்கும். வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையையும் முகம் சுளிக்காமல் விழுங்குவோம். நலமுடன் கற்போம்!