ஒளிரும் கோடும் நீரும்: இளம் ரேடார் ஆய்வாளருக்கு ஒரு கடிதம்



ஒரு கோளைச் சுற்றியபடி அதன் நிலத்தடியில் நீர் தேடும் ரேடார் நீரைப் பார்ப்பதில்லை. அனுப்பிய ரேடியோ அலையில் எவ்வளவு பங்கு, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பியது என்பதை மட்டுமே அது பதிவு செய்கிறது. மின்புலத்துக்கு ஒரு பொருள் ஆட்படும் அளவைக் குறிக்கும் ஒப்புமை விடுதிறன் என்னும் எண் பனிக்கட்டிக்கு ஏறத்தாழ 3, உலர்ந்த பாறைகளுக்குப் பெரும்பாலும் 4 முதல் 10 வரை, திரவ நீருக்கோ 80 என்பதால், பனிக்கு அடியில் நீர் தேங்கியிருந்தால் அந்த எல்லையில் அலை வலுவாகத் திரும்பி, ரேடார் படத்தில் ஒளிரும் கோடாக விழும். தத்துவம் இவ்வளவே, இதைத் தலைகீழாகப் படித்து, வலுவாகத் திரும்பிய அலைக்கெல்லாம் நீரே காரணம் என்று கொள்வதில்தான் வழுக்கல் இருக்கிறது.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்தில் 40 மீட்டர் ஆண்டெனாவுடன் இயங்கும் மார்சிஸ் ரேடார், செவ்வாயின் தென்துருவப் பனிப்படுகையான பிளானம் ஆஸ்ட்ராலேயை 2012 முதல் 2015 வரை பலமுறை கடந்தபோது எடுத்த 29 பதிவுகளைக் கொண்டு, ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் ஆழத்தில் 20 கிலோமீட்டர் அகலமான நீர்ப்பரப்பு இருப்பதாக ரொபெர்த்தோ ஒரொசேயி குழுவினர் 2018இல் அறிவித்தனர். கலத்திலேயே தரவைச் சுருக்கி அனுப்பும் வழக்கமான முறையைத் தவிர்த்து, மூலத் தரவை அப்படியே இறக்கிய பிறகே அந்த ஒளிர்வு நம்பத்தக்கதாகத் தெரிந்தது என்பதால், தரவு தம் கைக்கு வருமுன் கருவி அதை என்ன செய்தது என்று கேட்பதை இளம் ஆய்வாளர் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஆழமும் நேரடி அளவீடு அன்று: ஒரு மைக்ரோவினாடித் தாமதம் வெற்றிடத்தில் 150 மீட்டரையும் தூய பனியில் சுமார் 85 மீட்டரையும் குறிக்கும். பக்கத்துக் குன்றின் சரிவில் பட்டுத் தாமதமாகத் திரும்பும் அலைகூட நிலத்தடி அடுக்கைப் போலவே படத்தில் விழும். நில உயர வரைபடத்திலிருந்து போலிப் பதிவைக் கணித்து ஒப்பிடாமல் எந்தக் கோட்டையும் நம்பலாகாது.

பனியின் அடித்தளம் சுமார் மைனஸ் 68 பாகை செல்சியஸ் என்று மதிப்பிடப்பட்ட இடத்தில் நீர் உறையாதிருக்கப் பெர்குளோரேட் உப்புகளும், பலரின் கணிப்பில் கூடுதல் உள்வெப்பமும் தேவைப்படுகின்றன. 2021இல் வேறொரு குழுவினர் ஸ்மெக்டைட் களிமண்ணை ஆய்வகத்தில் குளிர்வித்து அளந்து, அதுவே இத்தகைய ஒளிர்வைத் தரக்கூடும் என்று காட்டினர். மெல்லிய அடுக்குகளிலிருந்து திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் வலுப்பெறலாம் என்று பின்னர் வேறு சிலர் கணக்கிட்டனர். செவ்வாயைச் சுற்றும் மற்றொரு கலத்தில் 15 முதல் 25 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஷராட் ரேடார் நெடுங்காலம் அங்கே எதையும் காணவில்லை. 2025இல் அந்தக் கலத்தையே 120 பாகை அளவுக்கு உருட்டிப் பார்த்தபோது கிடைத்த மெலிந்த அலையும் ஏரி என்னும் கருத்துக்கு வலுச் சேர்க்கவில்லை. இவற்றால் நீர் இல்லையென்று நிறுவப்பட்டுவிடவில்லை. ஆயினும் நிறுவும் பொறுப்பு உண்டென்பவருக்கே உரியது.

இந்த விவாதத்தில் மிகக் கூர்மையான கேள்வி புதுக் கருவியிலிருந்து வரவில்லை. பழைய மார்சிஸ் தரவையே 2021இல் பரந்த பரப்பில் ஆராய்ந்தவர்கள், திரவ நீர் நிலைக்க இயலாத அளவு குளிர்ந்த பகுதிகளிலும் அதே ஒளிர்வுகள் பரவிக் கிடப்பதைக் கண்டனர். ஆகவே, கட்டுரைத் தலைப்பில் நீர் என்னும் சொல்லை எழுதுமுன், நீருக்கு வழியே இல்லாத இடங்களில் தம் கருவி என்ன காட்டியிருக்கிறது என்பதை இளம் ஆய்வாளர் தேடிப் பார்த்து, அதையும் அதே கட்டுரையில் வெளியிடுமாறு வேண்டப்படுகிறார்.