தேர்வும் தெளிவும்

பணிக்கு விழைந்து வந்தான் ஒருவனை எதிரே இருத்திச் சில வினாக்களை வினவி, அவன் தகுதியை அறிய முயல்வதே நேர்முகத் தேர்வு எனப்படும். கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவருட் பலர் கடக்கவேண்டிய வாயில் இஃது. ஆதலின் இதன் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தமிழர்க்கு இப்பொருள் புதிதன்று. திருவள்ளுவர் ஆளை ஆராய்ந்து தெளிதற்குத் 'தெரிந்து தெளிதல்' என 51-ஆம் அதிகாரத்தையும், தெளிந்தவனைத் தக்க வினையில் அமர்த்துதற்குத் 'தெரிந்து வினையாடல்' என 52-ஆம் அதிகாரத்தையும் வகுத்தருளினார்.

இனி, நம் போத்தனூரை நோக்குவோம். 1862-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து இருப்புப்பாதை வந்தெய்திய இவ்வூரில் இரயில்வே உத்தியோகமே பல குடும்பங்களின் பிழைப்பாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில் அத்துறையின் உயர்ந்த பணிகளில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் முன்னுரிமை பெற்றனர். ஆண்டுப் பிறப்பே தகுதியாக நின்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 336-ஆம் பிரிவு, ஆங்கிலோ இந்தியர்க்கு இருந்த அவ்வுரிமை பத்தாண்டுகளிற் படிப்படியாகக் குறைந்து ஒழிய வகை செய்தது. பின்னர், 2016 ஜனவரி முதல், மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வே நீக்கப்பட்டது. முகம் நோக்கி மதிப்பிடுங்கால் பரிந்துரையும் கையூட்டும் புகும் என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

கம்பெனிகளிலோ அத்தேர்வு இன்றும் நிலவுகின்றது. இவ்வூர் இரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகனார், வணிகவியற் பட்டம் பெற்றவர், கோயம்புத்தூரில் இரு கம்பெனிகளுக்குச் சென்று வந்த செய்தியை எனக்குரைத்தார். முன்னதில், தந்தையார் தொழில் யாது, எவ்விடத்தில் வாசம், ஆங்கிலம் சரளமாக வருமோ என்று வினவினரேயன்றிக் கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டிலர். பின்னதில், வந்தார் அனைவர்க்கும் ஒரே வரவுசெலவுக் கணக்கைக் கொடுத்து, ஒரே வினாக்களை வினவி, மதிப்பெண் குறித்துக்கொண்டனர். இரண்டிலும் அவர்க்கு வேலை கிட்டவில்லை. ஆயினும் முன்னதிலிருந்து ஏன் தள்ளப்பட்டோம் என அறியாது நொந்து மீண்டவர், பின்னதிலிருந்து தேய்மானக் கணக்கில் தாம் தவறியதை அறிந்து மீண்டார். அன்றிரவே அப்பகுதியைப் படிக்கலானார்.

இவ்விரு முறைகளின் வேற்றுமையை ஆராய்ச்சியாளரும் கண்டுளர். அமெரிக்க உளநூலறிஞர் ஷ்மிட், ஹண்டர் என்னும் இருவர், 85 ஆண்டுகளின் ஆய்வு முடிவுகளைத் தொகுத்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வினாக்களை முன்னரே வரையறுத்து யாவர்க்கும் ஒருபடித்தாக நடத்தும் நேர்முகத் தேர்வு, மனம்போனவாறு நடத்துவதினும் பணித்திறத்தை நன்கு காட்டும் என்பது அதன் முடிபுகளுள் ஒன்று.

ஆகவே, தோற்றவனும் தன் குறை இன்னதென்று தெளிந்து மீளுமாறு நடப்பதே நேரிய தேர்வு என்க. மாணவ நண்பர்காள்! இன்று விடையிறுக்கச் செல்லும் நாம், நாளை வினவும் இருக்கையில் அமர்தலும் கூடும். அன்று நம்முன் வந்து நிற்பவனிடம் அவன் தந்தையின் தொழிலை வினவாது, அவன் கற்ற தொழிலை வினவுவோமாக.