திக்கிப் பேசிய பையனும் ஒரு நாட்டின் ஆஸ்பத்திரிகளும்

பிரிட்டனில் அரசு டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் யாரும் பில் நீட்ட மாட்டார்கள். என்.எச்.எஸ். எனப்படும் தேசிய சுகாதாரச் சேவைதான் காரணம். சர்ச்சிலைத் தெரியாதவங்க கிடையாது. ஆனா இதை உருவாக்கிய அனைரின் பெவனை எத்தனை பேருக்குத் தெரியும்?

1897-ல் வேல்ஸில், ட்ரெடீகர் என்ற நிலக்கரி ஊரில் பிறந்தவர். 13 வயதில் ஸ்கூலை விட்டுட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கியாச்சு. திக்குவாய் வேறு. ஒரு வார்த்தை சிக்கும் போலிருந்தால், அதே பொருளுள்ள இன்னொன்றுக்குத் தாவிவிடுவாராம். அதுக்கு நிறைய வார்த்தை கைவசம் வேணுமே! தொழிலாளர் நூலகத்தில் படித்துத் தள்ளினார். 1925-ல் அப்பா சுரங்கத் தூசியால் வந்த நுரையீரல் நோயில் இறந்தார். 1929-ல் மகன் எம்.பி.

ட்ரெடீகர் தொழிலாளர்கள் கூலியில் சில பென்னிகளை ஒரு பொது நிதிக்குக் கொடுப்பார்கள். அதிலிருந்து டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் கிடைக்கும். நம்ம பாஷையில் சொன்னால், ஓடிக்கொண்டிருந்த ஒரு புரோட்டோடைப். 1945-ல் அட்லி அமைச்சரவையில் 47 வயதில் சுகாதார அமைச்சரான பெவன், அதை நாடு முழுக்க விரித்தார். ஆனால் பணத்தைக் கூலியிலிருந்து எடுக்காமல், பெரும்பகுதியைப் பொது வரியிலிருந்து எடுத்தார். நகராட்சி ஆஸ்பத்திரி, தர்ம ஆஸ்பத்திரி என்று சிதறிக் கிடந்தவை அரசுடைமை ஆயின.

சிக்கல் டாக்டர்களிடம். "எங்களைச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அரசு ஊழியர் ஆக்கப் பார்க்கிறார்" என்பதுதான் அவர்கள் பயம். 1948 பிப்ரவரி வாக்கெடுப்பில் சுமார் 90 சதவீதம் பேர் எதிர்ப்பு! பெவன் எதிரணியைப் பிரித்தார். பெரிய ஆஸ்பத்திரி நிபுணர்கள் தனியார் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். குடும்ப டாக்டர்களை முழுநேரச் சம்பளக்காரர்களாக்க மாட்டோம் என்று சட்டத்திலேயே எழுதித் தருவதாகச் சொன்னார். கொள்கையில் சமரசம் என்று திட்டுபவர்கள் இன்றும் உண்டு. என்னைக் கேட்டால், அந்தச் சமரசம் இல்லாவிட்டால் 1948 ஜூலை 5-ம் தேதி சேவை தொடங்கியிருக்காது.

மூன்றே வருடத்தில் அடுத்த அடி, சொந்தக் கட்சியிலிருந்தே. கொரியப் போர் காலத்து ராணுவச் செலவுக்காக, பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்றார் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல். 1951 ஏப்ரலில் பெவன் பதவியைத் தூக்கிப் போட்டார். கூடவே விலகியவர் ஹெரால்ட் வில்சன். பெவன் 1960-ல் இறந்தார். வில்சன் பிரதமராகி 1965-ல் மருந்துச் சீட்டுக் கட்டணத்தை எடுத்தார்; 1968-ல் அவரே திரும்பக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் அது இன்னும் இருக்கு. பெவனின் வேல்ஸில் 2007-ல் எடுத்துட்டாங்க.